உங்களுக்குத் தெரியுமா? 63 நிலையங்கள், ஒரே வகை ஆண்டெனா
'ஹாம்' எனப்படும் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்கள், குறித்த நேரத்திற்குள் இயன்றவரை மிகுதியான நிலையங்களைத் தொடர்புகொள்ளப் போட்டியிடும்போது, ஆண்டெனாவின் உயரமும் நிலஅமைப்புமே பெரும்பாலும் வெற்றியைத் தீர்மானித்துவிடுவதால், இயக்குபவரின் திறமை மறைந்துபோகிறது. இக்குறையைக் களையவே, 2018 ஜூலையில் ஜெர்மனியின் விட்டன்பெர்க் பகுதியில் நடந்த உலக வானொலி விளையாட்டுக் குழுப் போட்டியில், வயல்வெளிகளில் 63 நிலையங்கள் ஒரே வகை ஆண்டெனாக்களோடு எழுப்பப்பட்டு, எந்நிலையம் யாருக்கு என்பது குலுக்கலில் முடிவுசெய்யப்பட்டது. இருவர் கொண்ட ஒவ்வொரு குழுவும் 100 வாட் வரம்புக்குள் 24 மணி நேரம் இயங்கியது.

தம் வீட்டிலிருந்து பங்கேற்போர்க்கு இத்தகைய சமவாய்ப்பு இல்லை. அவர்களுள் பலர் நாடும் எளிய வடிவம், நடுவில் சமிக்ஞை ஊட்டப்பெறும் அரையலை இருமுனைக் கம்பியாகும். 143 என்ற எண்ணை மெகாஹெர்ட்சில் தரப்படும் அதிர்வெண்ணால் வகுத்தால் அதன் நீளம் ஏறத்தாழ மீட்டரில் கிடைக்கும் என்பதால், 14 மெகாஹெர்ட்சுக்குச் சுமார் 10 மீட்டர் போதுமானது. எனினும் தரையின் நெருக்கமும் சுற்றியுள்ள மரங்களும் கணக்கைப் பிறழச் செய்வதால், கம்பியைச் சற்று நீளமாகவே வெட்டி உயர்த்தி, ஆண்டெனாவிலிருந்து ஆற்றல் எந்த அளவு திரும்புகிறது எனக் காட்டும் நிலையலை விகிதத்தை அளந்து, பின்னர் சிறிது சிறிதாகக் கத்தரிப்பதே முறை. வெட்டியதை ஒட்டுவது தொல்லை.