கருத்துத் தோற்றபின் கடமை

கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபையில் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் ஓர் ஓட்டு. பத்துப் பங்கு உடையவருக்கும் ஒன்றே. ஒரு பங்கு உடையவருக்கும் ஒன்றே. ஓட்டு என்று வந்துவிட்டால் ஒருவர் கருத்து வெல்ல, மற்றொருவர் கருத்துத் தோற்பது இயல்பு. தோற்றவர் அதன்பின் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதைப் பொறுத்தே சங்கத்தின் நலம் அமைகிறது.

நம் இயக்கத்தின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. உழவர்களின் கடன் தொல்லைக்கு வழி காணுமாறு 1892-இல் சென்னை மாகாண அரசாங்கம் பிரடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியைப் பணித்தது. அவர் ஐரோப்பிய நாடுகளின் முறைகளை ஆராய்ந்து, 1895-இலும் 1897-இலும் இரு பாகங்களாக அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைபைசன் ஏற்படுத்தியவை போன்ற கிராம நாணயச் சங்கங்கள் இங்கும் ஏற்பட வேண்டும் என்பது அதன் சாரம். மாகாண அரசாங்கம் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை.

நிக்கல்சன் பணியை விட்டு விலகவில்லை. 1901-இல் இந்திய அரசாங்கம் சர் எட்வர்டு லா தலைமையில் ஒரு குழுவை அமைத்தபோது, அதில் அங்கத்தினராக அமர்ந்து உழைத்தார். 1904-இல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் திரூர் கிராமத்தில் கடன் சங்கம் தோன்றியது. நம் பீர்க்கன்கரணையைப் போலவே திரூரும் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை மூன்று.

முதலாவது, கருத்தைக் கணக்கோடு சொல்லுதல். நிக்கல்சனின் வாதம் ஆதாரங்களுடன் எழுத்தில் இருந்தமையால், மறுக்கப்பட்ட பின்னும் அது பயன்பட்டது. நீங்களும் உங்கள் மாறுபட்ட கருத்தை நடவடிக்கைப் புத்தகத்தில் பதியுமாறு கேளுங்கள். திண்ணைப் பேச்சு காற்றோடு போகும், பதிவு நிற்கும்.

இரண்டாவது, முடிவுக்குக் கட்டுப்பட்டு உழைத்தல். எண்பதாம் நம்பர் நூல் வாங்கலாம் என்று நீங்கள் சொல்ல, நாற்பதாம் நம்பரே போதும் எனச் சபை முடிவு செய்ததாக வைத்துக்கொள்வோம். அந்தக் கோபத்தில் நெய்த சேலையை வெளி வியாபாரியிடம் விற்பதும், கடன் தவணையை நிறுத்துவதும் முறையாகா. அவற்றால் நட்டப்படுவது உங்களை எதிர்த்தவர் மட்டுமல்லர். உங்களுக்கு ஆதரவாகக் கை தூக்கியவரும் சேர்ந்தே நட்டப்படுவார்.

மூன்றாவது, காலம் அறிந்து மீண்டும் எடுத்துரைத்தல். ஓராண்டு விற்பனைக் கணக்கு வெளிவந்த பின், அதனைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கணக்கு உங்களுக்கு எதிராக இருந்தால் அதையும் மனமுவந்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. சட்டத்துக்கோ துணைவிதிக்கோ புறம்பான தீர்மானத்தையும், சங்கப் பணம் கையாடப்படுவதையும் கண்டு வாய் மூடியிருப்பது பெருந்தன்மை ஆகாது. அவற்றை எழுத்து மூலம் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். விசாரணைக்கும் தாவாத் தீர்வுக்கும் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் வழி உண்டு.

வென்றவர்களுக்கும் கடமை உண்டு. எதிர்த்துப் பேசியவரைப் பகைவராக எண்ணி, அவருக்கு நூல் வழங்குவதைத் தாமதிப்பது அநீதி. பாவும் ஊடையும் நெடுக்கும் குறுக்குமாக ஓடுவதால்தான் துணி உண்டாகிறது. அடுத்த மகாசபையில் தயங்காது பேசுங்கள். முடிவு எதுவாயினும், மறுநாள் காலையில் தறியில் அமருங்கள்.