ஒரு டாக்டர்... ரெண்டு மேஜை!

செருப்பைக் கழற்றியாச்சா? தொப்பி, மாஸ்க் மாட்டியாச்சா? மூச்... பேச்சே கூடாது! மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டருக்குள் எட்டிப் பார்க்கப்போகிறோம்.

அட, டாக்டர் ஒருத்தர், மேஜை ரெண்டு! இங்கே ஒருவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடக்கும்போதே, பக்கத்து மேஜையில் அடுத்தவர் ரெடி. இந்தக் கண் முடிந்ததா? மைக்ராஸ்கோப்பை அப்படியே அந்தப் பக்கம் திருப்பு, அடுத்த கண்! மருந்து விடுவது, கண்ணைச் சுத்தம் செய்வது, கேட்பதற்கு முன்பே கருவியை நீட்டுவது எல்லாம் ‘சிஸ்டர்’ ராஜ்ஜியம். பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். பள்ளிப் படிப்பு முடித்த கையோடு வந்து, இங்கேயே ரெண்டு வருஷம் பயிற்சி எடுத்தவர்கள். டாக்டருக்கு ஆபரேஷனைத் தவிர வேறு ஜோலியே இல்லை. அதனால்தான் ஆளுக்கு வருஷம் சுமார் 2000 ஆபரேஷன். யம்மாடி!

சூட்சுமமே இந்த வேகத்தில்தான். எண்ணிக்கை கூடக் கூட, ஒரு கண்ணுக்கு ஆகிற செலவு இறங்குகிறது. கட்டணம் கட்டுகிறவர்களால் கையில் மிச்சம் நிற்கிறது. கண் பரிசோதனை முகாமிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் பாட்டிக்கு ஆபரேஷன், சாப்பாடு, ஊர் திரும்பும் பஸ் அத்தனையும் அந்த மிச்சத்தில் இலவசம். தனி அறையா, பாயா என்பதில்தான் வித்தியாசம். டாக்டர்கள் அதே டாக்டர்கள்தான்.

1976-ல் இந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்தபோது டாக்டர் கோ.வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். முடக்குவாதத்தில் கை விரல்கள் கோணிப்போனவர்! வீட்டை அடமானம் வைத்து, கூடப் பிறந்தவர்களையும் இழுத்துப் போட்டு, 11 படுக்கைகளோடு கிளம்பிவிட்டார். அவரை அசத்திய கடை எது தெரியுமா? மெக்டொனால்ட்ஸ்! எந்தக் கிளைக்குப் போனாலும் ஒரே தரம். கண் ஆபரேஷனையும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்டார் மனுஷர்.

அடுத்த கதவைத் திறந்தால், இவர்களே லென்ஸ் செய்யும் ஆரோலேப். புரையை எடுத்த இடத்தில் வைக்கும் லென்ஸ் ஸ்டிக்கர் பொட்டு அளவுதான்; குறுக்களவு 6 மில்லிமீட்டர், ரெண்டு பக்கமும் முடி மாதிரி இரு கொக்கிகள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் நூறு டாலர் வரை ஆன காலத்தில், ‘நாமே செய்துவிடலாமே’ என்று 1992-ல் இறங்கினார்கள். விலை பத்து டாலருக்கு வந்து, அப்புறம் இன்னும் கீழே சரிந்தது. இன்று மதுரை லென்ஸ் நூறு நாடுகளுக்கு மேல் பறக்கிறது!

“ஐயோ, தொழில் ரகசியத்தையெல்லாம் போட்டு உடைத்துவிட்டோமே!” என்று பதறாதீர்கள். மற்ற ஆஸ்பத்திரிக்காரர்களை உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க, ‘லைகோ’ என்று ஒரு பயிற்சி நிறுவனத்தையே நடத்துகிறார்கள். அவர்களே கதவைத் திறந்து வைத்திருக்கும்போது, நாம்தான் வீணாகச் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டிருக்கிறோம்!