முங்கிப் போனால் ஏன் வேகம்?

செட்டியார்பட்டிப் பக்கம் தோட்டத்துக் கிணற்றில் நீந்திப் பழகியவர்களுக்கு இது தெரிந்ததுதான்: மேலே கையடித்துப் போவதைவிட, முங்கியபடி சுவரை உதைத்தால் எதிர்ச்சுவர் சட்டென்று வந்துவிடும்.

நீர்ப்பரப்பில் நீந்தும் உடல் அலை எழுப்புகிறது. அதற்கான சக்தி நீந்துபவரிடமிருந்தே போகிறது. அரை மீட்டருக்கும் கீழே இறங்கினால் அந்த இழப்பு பெருமளவு குறையும்.

இதைக் கலையாகவே மாற்றியவர் பிரான்ஸின் லியோன் மார்ஷான். 2023 ஜூலை, ஜப்பானின் ஃபுகுவோக்கா. உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் 400 மீட்டர் தனிநபர் மெட்லி. பட்டர்ஃபிளை, மல்லாந்த நீச்சல், தவளை நீச்சல், ஃப்ரீஸ்டைல் என்று வகைக்கு 100 மீட்டர். 4 நிமிடம் 2.50 விநாடியில் முடித்தார். மைக்கேல் ஃபெல்ப்ஸ் 2008இல் பெய்ஜிங்கில் படைத்த 4 நிமிடம் 3.84 விநாடி சாதனை 15 ஆண்டுக்குப் பின் உடைந்தது.

தவளை நீச்சல் தவிர மற்ற திருப்பங்களில் சுவரை உதைத்து, கைகளை முன்னே நீட்டி, இடுப்பிலிருந்து கால்விரல்வரை டால்ஃபின்போல் நெளிந்து போகிறார். சொல்வது எளிது. தசையெல்லாம் களைத்த கடைசித் திருப்பத்தில், ரத்தத்தில் சேரும் கரியமிலவாயு 'மூச்சு விடு' என்று நெருக்கும்போதும் முங்கியே இருப்பதுதான் அசாத்தியம். எனக்கு வியப்பே அந்த நெஞ்சுரம்தான்.

முழுத் தூரமும் முங்கியே போகலாமே? 1988 சியோல் ஒலிம்பிக்கில் டேவிட் பெர்காஃப் மல்லாந்த நீச்சலில் சுமார் 35 மீட்டர் அப்படித்தான் போனார். அதன்பிறகே விதி வந்தது. தவளை நீச்சல் தவிர மற்றவற்றில் இன்று 15 மீட்டருக்குள் தலை மேலே வந்தாக வேண்டும்.