ஹோட்டல் அடுப்புல மஞ்சள் தீ எரியுதா? கேஸும் வீண், மாஸ்டர் உடம்பும் வீண்!

ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து கிளவுட் கிச்சன் ஆரம்பிக்கணும், இல்லைனா ஊர்ல சின்னதா ஒரு டிபன் கடை போடணும்னு பிளான் வெச்சிருக்கீங்களா? மெனு, லோகோ, இன்ஸ்டா பேஜ் எல்லாம் ரெடியாகிடும். ஆனா, தினமும் பத்து பன்னிரண்டு மணி நேரம் எரியப்போற அடுப்பைப் பத்தி யாரும் பெருசா யோசிக்கிறதில்லை. சிலிண்டர் சீக்கிரமே தீர்ந்துபோகும்போதும், அடுப்புகிட்ட நிற்கிற மாஸ்டர் 'தலை வலிக்குது'ன்னு சொல்லும்போதும்தான் அது ஞாபகத்துக்கு வரும்.

வீட்டு அடுப்புக்கும் கடை அடுப்புக்கும் அடிப்படை ஒண்ணுதான். ஜெட்னு சொல்ற சின்ன பித்தளைத் துளை வழியா கேஸ் வேகமா பாயும். அந்த வேகத்துல பக்கத்துல இருக்கிற காத்தையும் இழுத்துக்கிட்டு, குழாய்க்குள்ள ரெண்டும் கலந்து, பர்னர்ல எரியும். இந்தக் கலவை சரியா இருக்கா, இல்லையான்னு தீயே உங்ககிட்ட சொல்லிடும்.

தீ சொல்லும் சேதி

அடங்கின நீலம்: எல்லாம் சரி. நிம்மதியா தோசை ஊத்தலாம்.

மஞ்சள்: காத்து பத்தலைன்னு அர்த்தம். பாத்திரத்தோட அடியில கரி பிடிக்கும். கேஸ் முழுசா எரியாம வீணாகும். சாம்பார் பொங்கி வழியும்போது சில நொடி ஆரஞ்சு நிறம் வந்தா பயப்பட வேண்டாம், அது உப்போட வேலை. தொடர்ந்து மஞ்சளா எரிஞ்சாதான் பிரச்னை.

பர்னரை விட்டுத் தூக்கி எரிவது: 'உஸ்'ஸுன்னு சத்தத்தோட தீ மேலே மிதந்தா, காத்தோ கேஸ் பிரஷரோ அதிகம்னு அர்த்தம்.

'டப்'புன்னு சத்தம்: தீ பின்வாங்கி, குழாய்க்குள்ள ஜெட் பக்கத்துல எரியுது. உடனே வால்வை மூடுங்க. ஆறினதும் அடைப்பு இருக்கான்னு பார்த்துட்டுதான் திரும்பப் பத்த வைக்கணும்.

காத்தை எப்படிச் சரிபண்றது?

பல கடை அடுப்புகள்ல, ஜெட்டுக்குப் பக்கத்துல காத்து போற வாயை மூடித் திறக்க ஒரு வட்டத் தகடு இருக்கும். அதுதான் ஏர் ஷட்டர். முதல்ல அதுல ஒட்டியிருக்கிற எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் துடைச்சு எடுங்க. பாதி பிரச்னை அங்கேயே முடிஞ்சிடும். அப்புறம் தீயை முழுசா வெச்சு, நுனி மஞ்சளாகிற வரைக்கும் ஷட்டரை மெதுவா மூடுங்க. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமா திறந்து, மஞ்சள் மறையுற இடத்துல நிறுத்தி ஸ்க்ரூவை இறுக்குங்க. கடைசியா தீயை சிம்ல வெச்சும் பாருங்க. சிம்ல பின்வாங்காம நின்னாதான் செட்டிங் சரி. தகடு கொதிக்கும், வெறும் கையால தொடாதீங்க.

ஜெட்டை ஊக்கால குத்தாதீங்க!

தீ குறைஞ்சா, பல கடைகள்ல முதல் வைத்தியம் ஊக்குதான். பித்தளை மெத்துனு இருக்கிறதால, குத்தக் குத்த துளை பெருசாகும். 1 மி.மீ துளை 1.2 மி.மீ ஆனா, பார்க்க வித்தியாசமே தெரியாது. ஆனா, துளையோட பரப்பு 44% கூடிடும். கேஸும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கூடுதலா வரும், அதுக்கேத்த காத்து வராது. விளைவு, மறுபடியும் மஞ்சள் தீ! ஜெட்டைக் கழற்றி, சோப்புத் தண்ணியில ஊறவெச்சு, ஊதிக் காயவைங்க. சரியாகலைன்னா அதே அளவுல புது ஜெட் மாத்திடுங்க.

சிலிண்டர்ல இருந்து பைப் கேஸுக்கு மாறினாலும் இதே கவனம் வேணும். பைப்ல வர்ற இயற்கை எரிவாயுவுக்குப் பெரிய ஜெட் தேவை. பழைய ஜெட்டோட ஓட்டினா தீ சோர்ந்துபோகும். இந்த மாற்றத்தை கேஸ் நிறுவனத்தோட ஆட்களை வெச்சுத்தான் செய்யணும்.

விட்டா அணையுதா?

டீப் ஃப்ரையர், பேக்கரி அவன்ல குமிழை அழுத்திப் பிடிச்சா பைலட் தீ எரியும், கையை எடுத்தா அணைஞ்சிடும். அங்கே தெர்மோகப்பிள்னு ஒரு கம்பி இருக்கும். அது சூடா இருந்தா மட்டும்தான் வால்வு திறந்திருக்கும். தீ அணைஞ்சா கேஸ் தானா நிக்கும். கம்பி நுனியில கரி படிஞ்சிருந்தாலோ, இணைப்பு தளர்ந்திருந்தாலோ இந்தத் தொல்லை வரும். 'அதைத் தூக்கிட்டு நேரா கனெக்‌ஷன் கொடுத்துடலாம்'னு யாராவது சொன்னா, ஒத்துக்காதீங்க. அது உங்க கிச்சனோட உயிர்க்காப்பு. புதுசா மாத்துங்க.

தலைவலியை லேசா விடாதீங்க

சரியா எரியாத தீயில இருந்து கார்பன் மோனாக்ஸைடு வரும். அதுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, மயக்கம், குமட்டல்தான் அறிகுறி. 'வெக்கைதான்பா'ன்னு கடந்து போயிடுவோம். கடையை விட்டு வெளியே வந்ததும் சரியாகிற தலைவலின்னா, அடுப்பைத்தான் முதல்ல சந்தேகப்படணும். எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போதாது. காத்து உள்ளே வரவும் வழி வேணும். ஏசி போட்டு எல்லாத்தையும் மூடி வெச்ச சின்ன கிச்சன்ல ஆபத்து ரொம்பவே அதிகம்.

எதை எப்போ செய்யணும்?

தினமும்: கடை மூடும்போது சிலிண்டர் வால்வையும் மூடுங்க. ஆறின பர்னரைத் துடைங்க.

வாரம் ஒருமுறை: இணைப்புகள்ல சோப்பு நுரை தடவிப் பாருங்க. குமிழி வந்தா கசிவு. தீக்குச்சி வெச்சு சோதிக்கிற வேலையே வேண்டாம்.

மாதம் ஒருமுறை: டியூப்ல வெடிப்பு, எண்ணெய் ஊறின இடம் இருக்கான்னு பாருங்க. இருந்தா ஒட்டுப்போடாம மாத்துங்க.

ரெகுலேட்டர், வால்வு, தெர்மோஸ்டாட் வேலையை எல்லாம் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க. கடைக்கு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில பயன்படுத்துறது சட்டப்படி தப்பு. சிலிண்டர் மேல பனி படர்ந்தா, அதால கொடுக்க முடியுற வேகத்தைவிட அதிகமா கேஸ் இழுக்குறீங்கன்னு அர்த்தம். வெந்நீர் ஊத்தாதீங்க, படுக்க வைக்காதீங்க. ரெண்டு சிலிண்டரை முறையா இணைக்க டீலர்கிட்ட கேளுங்க.

கேஸ் வாசனை வந்தா லைட், ஃபேன் எந்த ஸ்விட்சையும் தொடக்கூடாது. எல்பிஜி காத்தைவிட கனமானது, தரையோட தேங்கி நிற்கும். வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லாரையும் வெளியே கூட்டிட்டுப் போயிடுங்க. வெளியே போனதும் 1906-க்கு போன் பண்ணுங்க. அந்த நம்பரை இப்பவே போன்ல சேவ் பண்ணிட்டு, கிச்சன் சுவர்லயும் பெருசா எழுதி ஒட்டிடுங்க.