நடந்து செல்வோரும் நண்பகல் வெயிலும்

1920ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் மாலைவேளையில் நின்றால், நீரின்மேல் தவழ்ந்து வரும் காற்று உடலைக் குளிர்விக்கும். ஆனால், குளத்துக்கு மேற்கேயுள்ள ஏ9 நெடுஞ்சாலையை நண்பகலில் பாருங்கள். பாடசாலை 1.30 மணிக்கு விட்டதும், புத்தகச் சுமையுடன் சிறுவர் தார்வீதியின் ஓரமாக நடக்கின்றனர். அவர்களுக்கு நேரக்கூடிய தீங்கை எவ்வாறு மதிப்பிடுவது?

வானொலியில் நாம் கேட்கும் வெப்பநிலை நிழலில் அளக்கப்படுவது. வழிநடப்போரையோ, மேலிருந்து வெயிலும் கீழிருந்து வீதியின் சூடும் ஒருங்கே தாக்குகின்றன. வியர்வை உலரும்போதே உடல் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் அதுவும் தடைப்படும். ஆதலால்தான் வளிமண்டலவியல் திணைக்களம், வெப்பத்தையும் ஈரப்பதனையும் சேர்த்துக் கணித்த வெப்பச் சுட்டெண்ணைக் கொண்டு மக்களை எச்சரிக்கின்றது.

காற்று மாசு பெருநகரங்களுக்கே உரியதென எண்ணுவதும் தவறு. 2022 டிசெம்பரில் 'மண்டூஸ்' புயல் வங்கக் கடலில் உருவான நாட்களில், இந்தியப் பெருநிலத்தின் மாசு வட மாகாணம் வரை பரவியது; 9ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. இவ்வாறு வரும் மாசோடு வாகனப் புகையும், குப்பை எரிக்கும் புகையும் சேர்கின்றன. தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கேயான நுண்துணிக்கைகள் நுரையீரலின் ஆழத்தை அடைகின்றன. அமர்ந்திருப்பவரைவிட நடப்பவர் மிகுதியாக மூச்செடுப்பதால், அவர் உட்கொள்ளும் மாசும் மிகுதியே.

எனவே, புறப்படுமுன் மூன்றைச் சிந்திப்போம்: எந்நேரம், எவ்வழி, எவர்? முற்பகல் 11 மணிமுதல் பிற்பகல் 3 மணிவரை கூடியவரை நடவாதிருத்தல் நன்று. நெடுஞ்சாலையைவிட மருதமர நிழலுள்ள உள்வீதி சிறந்தது. சிறுவர், முதியோர், கருவுற்றோர், இருதய நோயாளர், தொய்வு நோயாளர் ஆகியோருக்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும். குடையும் தண்ணீரும் கட்டாயம் உடனிருக்கட்டும். தலைசுற்றல் தோன்றினால் உடனே நிழலில் இருந்து நீர் அருந்துக. உடல் கொதித்து, பேச்சுத் தடுமாறினால் அது உயிராபத்து. உடலை நீரால் நனைத்து விசிறியவாறே, 1990 இலக்கத்தில் நோயாளர் வண்டியை அழைத்தல் வேண்டும்.

ஆயினும் குடை பிடிப்பது மாத்திரம் போதாது. வழிப்போக்கர் இளைப்பாற வீதியின் குறுக்கே கூரையிட்டு நம் முன்னோர் கட்டிய தெருமூடிமடம் பருத்தித்துறையில் இன்றும் நிற்கின்றது. நடப்பவனுக்கு நிழல் தருவது ஊரின் கடன் என அவர்கள் கருதினர். பாடசாலை வழியில் இவ்வாண்டு மாரியில் ஒரு மரம் நட்டு வளர்ப்போமாயின், அக்கடனில் ஒரு பங்கையேனும் நாம் தீர்த்தவராவோம்.