நகரத்தில் சைக்கிள் – 9: பூட்டும் தூணும்

எந்தச் சைக்கிளை வாங்குவது, அதை எப்படிப் பராமரிப்பது என்று சென்ற இதழ்களில் விஸ்தாரமாகச் சொன்னவை யாவும், வாங்கிய வண்டி வைத்த இடத்தில் இருந்தால்தான் பிரயோஜனப்படும். காலையில் ரயிலடியில் நிறுத்திவிட்டுப் போன சைக்கிள் மாலையில் அங்கே இல்லையென்றால், அந்த நஷ்டம் வண்டியின் விலையோடு நின்றுவிடுவதில்லை. விடியுமுன் வீடு வீடாகப் பால் போடுகிறவருக்கும், இரவுக் காவலுக்குப் போகிறவருக்கும், பஸ் வசதியில்லாத தெருவிலிருந்து பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்கும் அது ஜீவனத்தையும் படிப்பையும் தொடுகிற நஷ்டம். ஆகையால், கடைக்காரர் பில் போடும்போது கடைசியாக எடுத்து மாட்டிக் கொடுக்கும் பூட்டோடு திருப்தியடைந்துவிடாமல், வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே அதற்கான பூட்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம் ஊர்ச் சைக்கிள்களில் சீட்டுக்குக் கீழே, பின்சக்கரத்தின் மேல், லாட வடிவில் ஒரு பூட்டு பொருத்தப்பட்டிருப்பதை எல்லோரும் அறிவோம். அதை அழுத்தினால் ஒரு கம்பி ஸ்போக்ஸுகளின் ஊடே குறுக்காகச் சென்று நின்றுகொள்கிறது, சக்கரம் சுழலாது. அது செய்யும் காரியம் அவ்வளவே. வண்டியில் ஏறி மிதித்துக்கொண்டு ஓடிவிட அது இடங்கொடாது. ஆனால் ஒருவன் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து முன்சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போவதையோ, இரண்டு பேர் சேர்ந்து ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதையோ அது தடுக்காது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் நின்று கீரை வாங்கும் நேரத்துக்கு அது போதும். ஹாலந்து தேசத்திலும் இதே ஜாதிப் பூட்டுத்தான் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. ஆனால் அங்கே ஜாக்கிரதையானவர்கள் அதோடு ஒரு கனத்த சங்கிலியையும் சேர்த்து, அசையாத ஒரு பொருளோடு வண்டியைப் பிணைத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

பிளாஸ்டிக் உறையிட்ட கம்பி வடப் பூட்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பார்வைக்குத் தடிமனாகத் தோன்றினாலும் உள்ளே இருப்பவை மெல்லிய இழைகள். சட்டைப்பைக்குள் அடங்கும் வெட்டுக்குறடு ஒன்றே அவற்றுக்குப் போதும். எண்களைத் திருப்பித் திறக்கும் மலிவுப் பூட்டுகளோ, வடத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு விரல் நுனியால் உணர்ந்தே திறந்துவிடத் தக்கவை. ஆகவே கெட்டிப்படுத்திய எஃகுச் சங்கிலி, அல்லது 'யூ' வடிவப் பூட்டு, இவ்விரண்டில் ஒன்றுதான் நகரத்துக்கு ஏற்றது. யூ பூட்டின் தண்டு 13 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் கையில் மறைத்து எடுத்துவரத்தக்க போல்ட் கட்டர்கள் அதனிடம் தோற்கின்றன. 16 மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரிய கட்டர்களுக்கும் அது பிடிகொடுப்பதில்லை.

இந்த யூ பூட்டு பிரபலமான வரலாற்றில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் மைக்கேல் ஸேன் என்பவர் கிரிப்டோனைட் என்ற பெயரில் இதை விற்கத் தொடங்கியபோது, நியூயார்க்கின் திருட்டு மிகுந்த வீதியில் ஒரு சைக்கிளை இப்பூட்டினால் பிணைத்து 30 நாள் விட்டுவைத்துப் பரீட்சித்தார்கள். கழற்றக்கூடிய பாகங்கள் அனைத்தும் களவு போயின, பூட்டிய ஃபிரேம் மட்டும் நின்றது. அத்தனை கீர்த்தி பெற்ற பூட்டு 2004 செப்டம்பரில் ஒரு சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழலுக்குத் திறந்துகொண்டது. அதன் சாவித்துவாரம் வட்டமானது. ஊசிகள் வளையமாக அமைந்தவை. மெத்தென்ற அந்தக் குழலை உள்ளே அழுத்தித் திருகினால், ஊசிகளின் அச்சு அதில் பதிந்து, குழலே சாவியாகிவிட்டது. இந்தப் பலவீனத்தைப் பற்றி 1992லேயே பிரிட்டனில் எழுதியிருந்தார்கள், ஒருவரும் செவிசாய்க்கவில்லை. பிறகு லட்சக்கணக்கான பூட்டுகளை அந்நிறுவனம் இலவசமாக மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. எஃகு எவ்வளவு உறுதியானதாயினும் சாவித்துவாரம் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஆகையால் வட்டத் துவாரமுள்ள பழைய பூட்டு யாரிடமாவது இருக்குமானால், அதை வீட்டு வாசலுக்குள் மட்டும் உபயோகிப்பது நலம்.

எப்படிப் பூட்டுவது என்பது எதை வாங்குவது என்பதைவிட முக்கியமான விஷயம். இதில் அமெரிக்காவின் மாஸசூசெட்ஸைச் சேர்ந்தவரும், சைக்கிள் நுட்பங்களைப் பற்றி ஏராளமாக எழுதி 2008ல் காலமானவருமான ஷெல்டன் பிரௌன் சொல்லிச் சென்ற முறைக்கு இணையானதை நான் அறியேன். சீட்டைத் தாங்கும் குழாயும், பின் அச்சுக்கு வந்து சேரும் இரண்டு ஜோடிக் குழாய்களும் ஒரு முக்கோணமாக அமைந்திருப்பதையும், பின்சக்கரத்தின் ஒரு பகுதி அம்முக்கோணத்துக்குள் புகுந்து செல்வதையும் கவனியுங்கள். அந்த இடத்தில் சக்கரத்தின் ரிம்மையும் தூணையும் வளைத்து ஒரு சிறிய யூ பூட்டை இட்டால், பூட்டு ஃபிரேமைத் தொடாவிட்டாலும்கூட, ரிம் முக்கோணத்தை விட்டு வெளியே வர வழியில்லையாதலால், ஃபிரேமும் சக்கரமும் ஒருசேரக் கட்டுப்பட்டுவிடுகின்றன. பூட்டு சிறியதாக இருப்பதும் ஒரு லாபமே; உள்ளே இடைவெளி குறையக் குறைய, ஜாக்கியையோ கடப்பாரையையோ நுழைத்து நெம்ப இடமில்லாமல் போகிறது. முன்சக்கரம் குயிக் ரிலீஸ் பிடியோடு வந்திருந்தால், அதைக் கழற்றிவிட்டு ஸ்பானர் கேட்கும் சாதாரண நட்டை மாட்டச் சொல்லுங்கள்.

பாட்டரியில் ஓடும் ஆங்கிள் கிரைண்டர் வந்த பிறகு, எந்தப் பூட்டும் வெட்ட முடியாதது என்று சொல்வதற்கில்லை. சாமானியத் தடிமனுள்ள தண்டை அது ஓரிரு நிமிஷத்தில் அறுத்துவிடும். ஆனால் அது எழுப்பும் சப்தமும் தீப்பொறியும் ஊரைக் கூட்டும். அதனாலேயே ஆள் நடமாட்டமுள்ள, விளக்கு வெளிச்சமுள்ள இடத்தைத் தேடி நிறுத்துவது நல்ல பூட்டுக்குச் சமானமான பாதுகாப்பு. பிரிட்டனில் சோல்டு செக்யூர் என்ற அமைப்பு பூட்டுகளைப் பலவித ஆயுதங்களால் தாக்கிப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் பிரிக்கிறது. இறக்குமதியான பூட்டின் அட்டையில் அம்முத்திரை இருந்தால் அதை நம்பலாம்.

திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கத்தில் வசிப்பவர்கள் உப்புக் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். சாவித்துவாரம் தரையைப் பார்க்கும்படி பூட்டினால் ஐப்பசி, கார்த்திகை மழை உள்ளே இறங்காது. மாதம் ஒருமுறை இரண்டு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்த பின்னும், எதோடு பூட்டுவது என்ற கேள்வி மிஞ்சுகிறது. என் மனத்தை உறுத்துவது இதுதான். நம் தெருவிளக்குக் கம்பங்கள் பல யூ பூட்டுக்குள் அடங்காத பருமனுள்ளவை. குட்டையான பலகைக் கம்பங்களில் பூட்டினால், பூட்டோடு வண்டியை மேலே தூக்கி எடுத்துவிடலாம். இளமரங்களோ பூட்டு உராய்ந்து பட்டுப்போகும். ஆகவே சென்னைவாசிக்கு ஒரு மீட்டர் நீளமுள்ள கெட்டிச் சங்கிலியே இன்றைக்கு உசிதம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது, அது கனமானது என்று தெரிந்தும்.

இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்தின் பெயரால் வழங்கும் சைக்கிள் நிறுத்தம், ஒரு குழாயைக் கவிழ்த்த 'ப' போல வளைத்து, இரு கால்களையும் சிமெண்டில் நட்டது; வேறொன்றுமில்லை. முக்கால் மீட்டர் உயரம் இருந்தால் இருபுறமும் இரண்டு சைக்கிள்கள் சாய்ந்து நிற்கும். ஒரு மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக நட்டுக்கொண்டே போகலாம். வெல்டிங் பட்டறை எதுவும் ஒரு பகலில் செய்து கொடுக்கக்கூடிய வேலை இது. கார்களுக்குக் கோடு போட்டு இடம் ஒதுக்கும் அடுக்குமாடிச் சங்கங்களும், கல்யாண மண்டபங்களும், வாசகசாலைகளும் வாசலில் இப்படி நான்கு குழாய்களை நட முன்வரும்படி, இந்தத் தொடரை வாசிப்பவர்கள் அவரவர் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(தொடரும்)