அரை மில்லி மயக்க ஊசி

20 கிலோ எடையுள்ள வெள்ளாட்டுக்கு சைலசின் என்ற மயக்க ஊசி எவ்வளவு போடலாம்? கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்று வைத்தால் மொத்தம் 1 மில்லிகிராம். ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் மருந்துள்ள குப்பியிலிருந்து எடுத்தால் ஆட்டுக்கு வேண்டியது 0.05 மில்லி. ஒரே ஒரு சொட்டுதான். சாதாரண சிரிஞ்சில் அதை அளக்க முடியாது. இன்சுலின் சிரிஞ்சு வேண்டும், அல்லது மருந்தை நீர்க்கச் செய்து எடுக்க வேண்டும். "சின்ன ஆடுதானே, அரை மில்லி போதும்" என்று யாரேனும் கைக்கணக்கில் போட்டுவிட்டால் ஆட்டுக்குள் போவது 10 மடங்கு மருந்து.

இந்த 10 மடங்கைத் தெரிந்துகொள்ளும் உரிமை ஆட்டுக்காரருக்கு உண்டு. ஆனால் மயக்க ஊசி போடும்போது பெரும்பாலும் நாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி. என்ன மருந்து, எவ்வளவு என்று கேட்பதில்லை.

சைலசின் நல்ல மருந்து. 1962-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் மனிதர்களின் ரத்த அழுத்தத்தைக் குறைக்க உருவாக்கியது. மனிதர்களுக்கு அது அளவுக்கு மீறிய மயக்கத்தைத் தந்ததால் கால்நடை மருத்துவத்தோடு நின்றுவிட்டது. மாடு, குதிரை, நாய், பூனை, மான், யானை என்று பல விலங்குகளை அடக்கிச் சிகிச்சை செய்ய இன்றும் உதவுகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் உடலை விழிப்போடு வைத்திருக்கும் சமிக்ஞையை இது அடக்குகிறது. உடல் தளர்கிறது, வலி மட்டுப்படுகிறது, விலங்கு தலையைத் தொங்கவிட்டு நிற்கும் அல்லது படுத்துவிடும். கூடவே இதயத் துடிப்பும் மூச்சும் மெதுவாகும். அளவு சரியாக இருந்தால் உடல் இதைத் தாங்கிக்கொள்ளும். அளவு மீறினால் உயிர் போகலாம்.

விலங்குக்கு விலங்கு இந்த மருந்தின் வேகம் மாறும் என்பதுதான் பலரும் அறியாதது. குதிரைக்கு நரம்பில் கிலோவுக்கு 1.1 மில்லிகிராம் வரை போடுவார்கள். மாட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே போதும். வெள்ளாடு மாட்டைவிடவும் கூருணர்வு உள்ளது. செம்மறியாட்டுக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வரக்கூடும். போதாக்குறைக்கு மருந்தும் பெரும்பாலும் இரண்டு வீரியத்தில் தயாராகிறது: மில்லிக்கு 20 மில்லிகிராம், மில்லிக்கு 100 மில்லிகிராம். 300 கிலோ பசுவுக்கு முதல் குப்பியில் 1.5 மில்லி எடுத்தால் அது 30 மில்லிகிராம். அதே 1.5 மில்லியை இரண்டாம் குப்பியில் எடுத்தால் 150 மில்லிகிராம். ஆகவே "எத்தனை மில்லி?" என்று மட்டும் கேட்டால் பதில் கிடைத்தும் பயனில்லை. "எத்தனை மில்லிகிராம், மாட்டின் எடையை எவ்வளவு என்று வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

சினை மாடு என்றால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், எத்தனை மாதம் என்பதையும் சேர்த்து. சைலசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். சினையின் கடைசி மூன்று மாதங்களில் கன்று விழுந்துவிடும் ஆபத்து உண்டு. நாள் சரியாகத் தெரியாவிட்டாலும் "சினையாக இருக்கலாம்" என்று சொன்னாலே மருத்துவர் வேறு மருந்தை யோசிப்பார். கறவை மாடு என்றால், ஊசிக்குப் பிறகு எத்தனை வேளைப் பாலை ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி போட்ட பிறகு மாட்டின் உயிர் பாதி மருத்துவர் கையில், மீதி நம் கையில். அசைபோடும் விலங்கின் வயிற்றில் எப்போதும் வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும். அது ஏப்பமாக வெளியேற வேண்டும். மயக்கத்தில் வயிற்றின் அசைவு நின்று வாயு தேங்குவதால் வயிறு உப்பி நுரையீரலை அழுத்தும். வாயில் எச்சில் பெருகும், இரை மேலே வரும்; அது மூச்சுக்குழாயில் இறங்கினால் பிறகு நிமோனியாதான். அதனால் படுத்த மாட்டைப் பக்கவாட்டில் கிடத்தாமல் நெஞ்சு ஊன்றி உட்கார வைக்க வேண்டும், எச்சில் வெளியே வடியும்படி வாயைத் தாழ்த்தி வைக்க வேண்டும். முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சை என்றால் எத்தனை மணி நேரம் தீவனமும் தண்ணீரும் நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு அப்படியே செய்யுங்கள். இன்னொன்று நம் ஊருக்கு மிக முக்கியம்: மயங்கிய விலங்கால் உடல் சூட்டைச் சீராக வைத்துக்கொள்ள முடியாது. சித்திரை வெயிலில் களத்து மேட்டில் கிடத்திவிட்டு டீக்கடைக்குப் போகக் கூடாது. நிழலில், அது எழுந்து நிலையாக நிற்கும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

படுத்துவிட்டது, ஆகவே வலிக்காது என்று நினைப்பது தவறு. அந்தத் தவறின் துன்பத்தை விலங்குதான் சுமக்கிறது. இந்த மருந்தின் வலி நிவாரணம் 15 முதல் 30 நிமிடம்வரைதான் நிற்கும். மயக்கமோ ஒன்றிரண்டு மணி நேரம் நீடிக்கும். இடைப்பட்ட நேரத்தில் விலங்குக்கு வலி தெரியும், எழ மட்டும் முடியாது. கொம்பு வெட்டவோ காயடிக்கவோ கட்டியை அறுக்கவோ சைலசினோடு அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஊசியும் வேண்டும். "மரத்துப்போற ஊசியும் போடுவீங்களா டாக்டர்?" என்று கேட்க யாரும் தயங்க வேண்டியதில்லை. அசைவில்லாமல் நிற்கும் குதிரைகூடத் தொட்டதும் திடீரென உதைக்கும் என்பதையும் பிடித்து நிற்பவர் மறக்கக் கூடாது.

அளவு கூடிவிட்டால் விலங்குக்கு முறிவு மருந்து உண்டு: யோஹிம்பின், டோலாசோலின், அடிப்பமசோல். ஊசி போடுமுன் அவற்றில் ஒன்று கைவசம் இருக்கிறதா என்று கேட்பது நல்லது. மனிதருக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட முறிவு மருந்து எதுவும் இல்லை. மாடு திமிறும்போது ஊசி நம் கையில் குத்தினால் தூக்கம் அழுத்தும், ரத்த அழுத்தம் இறங்கும், துடிப்பு குறையும். குத்திய இடத்தைக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தனியாக வண்டி ஓட்டாமல், குப்பியையும் எடுத்துக்கொண்டு. அமெரிக்காவில், குறிப்பாக ஃபிலடெல்ஃபியாவில், போதைப்பொருளோடு இந்த மருந்தைக் கலந்து விற்றதில் பலருக்கு ஆறாத புண்கள் வந்தன; ஃபெண்டனில் என்ற போதை மருந்தோடு சைலசின் கலப்பதை 2023 ஏப்ரலில் அந்நாட்டு வெள்ளை மாளிகை புதிய அச்சுறுத்தலாகவே அறிவித்தது. மீந்த குப்பியை மாட்டுக்கொட்டகை மாடத்தில் வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு சான்று வேண்டாம். குப்பியின் மேலேயே விலங்குத் தலைப் படமும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரியும் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவரே சிகிச்சை செய்யலாம். பயிற்சி பெற்ற உதவியாளர்கள் மாநில அரசு அனுமதித்த சிறு பணிகளை மட்டும் மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். ஆகவே பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. முரட்டு மாட்டைச் சந்தையில் சாதுவாகக் காட்டவோ லாரியில் ஏற்றவோ இந்த ஊசியைப் போடுவது சிகிச்சையே அல்ல. விலங்குக்குத் தீங்கு தரும் மருந்தைத் தெரிந்தே காரணமின்றிக் கொடுப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு மாட்டின் உயிருக்கு இது போதவே போதாது. திருத்தப்பட வேண்டிய பிரிவு.

விலங்கு இறந்துவிட்டால் அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் காப்பீடும் கிடைக்காது, புகாரும் நிற்காது. காலிக் குப்பி, மருந்துச் சீட்டு, பணம் கட்டிய ரசீது, ஊசி போட்ட நேரம், எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் முறையிடலாம். வழி கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரை மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்கு எழுதலாம். இலவசச் சிகிச்சை தரும் அரசு மருந்தகம் என்றால் கால்நடைப் பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநரிடமோ, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுக்கலாம். மருத்துவர் எட்டாத ஊரில் மாடு மயக்கத்திலேயே கிடந்தால் கால்நடை அவசர உதவி எண்ணான 1962-ஐ அழைத்து, போட்ட மருந்தின் பெயரையும் அளவையும் முதலில் சொல்லுங்கள்.